மரத்தில் சாய்ந்திருந்த வின்செஸ்டர்: பழைய லீவர் ரைஃபிளை ஏன் புதுசாக்கக் கூடாது?

2014 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்குள் தொல்லியல் பணியாளர்கள் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு ஜூனிப்பர் மரத்தில் துப்பாக்கி ஒன்று சாய்ந்திருந்தது. தோளில் அணைக்கும் மரக்கட்டை வெயிலில் வெளுத்து, பிளந்து, மரப்பட்டையின் நிறத்துக்கே வந்துவிட்டது. அடிப்பாகம் மண்ணில் புதைந்து கிடந்தது. குழல் முழுக்கத் துரு. யாரோ ஒருவர் சற்று நேரத்துக்கு என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார், திரும்பி வரவில்லை. அது வின்செஸ்டர் 1873 மாடல், 1882-ல் செய்யப்பட்டது.

பூங்கா நிர்வாகம் அதை வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து அது திரும்பி வந்தபோதும் துரு அப்படியே இருந்தது, கட்டையின் பிளவும் அப்படியே இருந்தது. படத்தைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும்: நிபுணர்களிடம் கொடுத்தும் ஏன் பளபளப்பாக்கவில்லை? வீட்டில் தாத்தா காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் பழைய லீவர் ரைஃபிள்களைச் சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு. அந்த உலகில் சீரமைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஏன் என்று புரிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## லீவர் என்ன செய்கிறது?

முதலில் ஐந்து பாகங்களைத் தெரிந்துகொள்ளலாம்.

1. ரிசீவர்: துப்பாக்கியின் நடு உடல். எல்லா அசைவும் இதற்குள்தான். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பதே இந்தப் பகுதிதான். மற்றவையெல்லாம் உதிரி பாகங்கள்.
2. போல்ட்: தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் உருளை. சுடும்போது பின்னோக்கி வரும் அழுத்தத்தைத் தாங்குவது இது.
3. லீவர்: விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தோடு சேர்ந்த கைப்பிடி. கீழே தள்ளினால் ஒரு வேலை, மேலே இழுத்தால் ஒரு வேலை.
4. மேகசின் குழாய்: குழலுக்கு அடியில் ஓடும் இன்னொரு குழாய். தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக ரயில் பெட்டி போல இதில் நிற்கும்.
5. ஹேமர்: பின்னால் வெளியே தெரியும் சிறு சுத்தியல்.

லீவரைக் கீழே தள்ளும்போது போல்ட் பின்னால் நகர்கிறது, சுட்டு முடித்த காலித் தோட்டாவை வெளியே தள்ளுகிறது, போகிற போக்கில் ஹேமரையும் மடக்கி வைக்கிறது. அதே நேரம் புதிய தோட்டா ஒன்று லிஃப்டில் ஏறுவது போல மேலே வருகிறது. லீவரை மேலே இழுத்தால் போல்ட் முன்னால் வந்து அதைக் குழலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் தள்ளி அடைக்கிறது. துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த குண்டு தயார். ஒவ்வொரு முறையும் குழலின் வாயில் மருந்து கொட்டி, குண்டு இடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய தாவல் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழாய் மேகசினால் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தில், அதாவது அதைப் பற்றவைக்கும் பிரைமரின் மேலேயே முட்டி நிற்கும். மூக்கு கூராக இருந்தால் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் இந்த ரைஃபிள்களுக்கான குண்டுகளின் மூக்கு தட்டையாக இருக்கும்.

## எந்த மாடல், எதனால் மதிப்பு?

கதை 1848-ல் வால்டர் ஹண்ட் என்பவரின் கண்டுபிடிப்பில் தொடங்குகிறது. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. கை மாறிக் கை மாறி, ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் ஆகியோரிடம் வந்து, கடைசியில் ஆலிவர் வின்செஸ்டர் என்ற சட்டை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. ஆம், சட்டை தைத்து விற்றவர்தான். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-ல் காப்புரிமை வாங்கிய ரைஃபிள்தான் முதல் வெற்றி. ஹென்றி ரைஃபிளில் சுமார் 14,000 மட்டுமே செய்யப்பட்டன. அதன் மேகசின் குழாயில் நீளவாக்கில் திறந்த பிளவு ஒன்று இருந்தது. மண்ணும் தூசியும் நேராக உள்ளே போகும். முன்கையால் பிடிக்க மரமும் கிடையாது, சுடச் சுடக் குழல் கொதிக்கும்.

1866 மாடலில் இரண்டு குறையும் தீர்ந்தன. ரிசீவரின் வலப்பக்கம் ஸ்பிரிங் வைத்த சிறு கதவு வந்தது. தோட்டாவை அதன் வழியாக உள்ளே தள்ளலாம். முன்பக்கம் மரமும் வந்தது. செம்புக் கலவையில் செய்த மஞ்சள் ரிசீவர் இருந்ததால் இதற்கு 'மஞ்சள் பையன்' என்று பட்டப்பெயர்.

அடுத்தது 1873. முதலில் இரும்பு ரிசீவர், பிறகு எஃகு. .44-40 என்ற தோட்டாவோடு வந்தது: குண்டின் விட்டம் பெயரளவில் 0.44 அங்குலம், உள்ளே 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) கரிமருந்து. சுமார் ஐம்பது ஆண்டுகளில் 7,20,000 ரைஃபிள்கள். ஆக, 1873 மாடல் அபூர்வப் பொருள் இல்லை. 1882-ல் மட்டும் 25,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். நெவாடா மரத்தடியில் கிடந்தது அந்த ஆயிரக்கணக்கில் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை வேறு, மதிப்பு வேறு.

இதுவரை சொன்ன மாடல்களில் போல்ட்டைப் பூட்டுவது முழங்கால் போன்ற மடக்கு இணைப்பு. காலை நேராக நீட்டி நின்றால் எவ்வளவு எடையும் தாங்கும்; கொஞ்சம் மடங்கினால் போச்சு. சிறிய தோட்டாவுக்கு இது சரி. பெரிய தோட்டாவுக்குப் போதாது. யூட்டா மாநிலம் ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் பிரௌனிங் இதற்கு விடை கண்டார்: செங்குத்தாக மேலேறி, போல்ட்டையும் ரிசீவரையும் சேர்த்துப் பூட்டும் இரண்டு எஃகுத் தாழ்ப்பாள்கள். அதுதான் 1886 மாடல். அதையே சிறிதாக்கியது 1892. அதற்கடுத்த 1894 மாடல் எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது. புகையில்லா வெடிமருந்துக்கென்று அமெரிக்காவில் முதலில் வடிவமைத்த வேட்டைத் தோட்டாவான .30-30, 1895-ல் இந்த மாடலுக்குத்தான் வந்தது.

அதே 1895-ல் வந்த இன்னொரு மாடலில் குழாய் கிடையாது, அடியில் பெட்டி மேகசின். அதனால் கூர்மூக்குக் குண்டும் போடலாம். முதல் உலகப் போரில் ரஷ்யா இதில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் வாங்கியது. சேலம், தருமபுரி, ஓசூர்க் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததும் இந்த 1895 மாடல்தான், .405 தோட்டாவோடு. நம் பக்கத்துக் காடுகளில் லீவர் சத்தம் கேட்டிருக்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

வின்செஸ்டரை மட்டும் பேசினால் மார்லின்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காலித் தோட்டாவை மேலே தள்ளாமல் பக்கவாட்டில் தள்ளும் வசதி மார்லினின் 1889 மாடலில் வந்தது. பிற்காலத்தில் துப்பாக்கி மேல் தொலைநோக்கி பொருத்தும் வழக்கம் வந்தபோது இதன் அருமை தெரிந்தது. சாவேஜ் 1899 மாடலில் தோட்டாக்கள் ராட்டினம் போலச் சுழலும். இயந்திரப் பிரியர்களுக்கு அது தனி விருந்து. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

## 'அசல்' என்றால் என்ன?

சேகரிப்பாளர் ஒருவர் ரைஃபிளைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது, அது வேலை செய்கிறதா என்பதை இல்லை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த மேற்பூச்சில் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்பதைத்தான். 'ப்ளூயிங்' என்று சொல்லும் அந்தக் கருநீல நிறம் வண்ணம் பூசியது கிடையாது. எஃகின் மேல்தோலே மாறி உண்டான மெல்லிய படலம். ஒருமுறை போனால் போனதுதான்.

பூச்சு தேய்ந்த இடத்தில் எஃகு காற்றோடும் கை வியர்வையோடும் சேர்ந்து பழுப்பும் சாம்பலுமான இன்னொரு தோலை வளர்க்கும். அதற்குப் பெயர் பாடினா. அந்த நிறம் வர நூறு ஆண்டாகும், தேய்த்து எடுக்கப் பத்து நிமிடம் போதும்.

பிறகு ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கும் படலம். யாராவது தேய்த்து மறுபூச்சு கொடுத்திருந்தால், பின்வரும் இடங்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

1. எழுத்துகள்: குழலின் மேல் கம்பெனிப் பெயரை அச்சால் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் உலோகம் மயிரிழை உயரும். விரலை ஓட்டினால் லேசாகத் தட்டும். தேய்த்த துப்பாக்கியில் அந்த மேடு இருக்காது. எழுத்து மழையில் நனைந்த கோலம் போல மங்கியிருக்கும்.

2. திருகுத் துளைகள்: சுழலும் பஃபிங் சக்கரத்தில் வைத்தால் துளையின் ஓரம்தான் முதலில் கரையும். ரிசீவரின் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலில் வெளிச்சம் கண்ணாடியில் போல நேர்க்கோடாக விழும். தேய்த்ததில் ஒவ்வொரு திருகைச் சுற்றியும் சின்னக் கிண்ணம் போலக் குழிந்து, கோடு நெளியும்.

3. எண்கோணக் குழலின் முனைகள்: அசலில் விரலை வைத்தால் உறுத்தும். தேய்த்ததில் சோப்புக்கட்டி போல வழுவழுக்கும்.

4. மரமும் உலோகமும் சேருமிடம்: தொழிற்சாலையில் பொருத்தும்போது மரம் உலோகத்தைவிடத் துளி உயரமாகவே இருக்கும். உப்புத்தாள் போட்ட கட்டையில் மரம் தாழ்ந்து, உலோகத்தின் விளிம்பு துருத்தும். வளர்ந்த மரத்தைக் குறைக்கலாம், குறைத்த மரத்தை வளர்க்க முடியாது.

5. குழிமேல் நிறம்: துரு அரித்த சிறு பள்ளத்துக்குள்ளேயும் நீலம் இருந்தால் விஷயம் முடிந்தது. எந்தத் தொழிற்சாலையும் பள்ளம் விழுந்த எஃகுக்கு நிறம் ஏற்றி அனுப்பாது.

6. தேய்மானத்தின் இடம்: ஒரு கையால் தூக்கிப் போகும்போது ரைஃபிளின் எடை சமனாகும் இடம் ரிசீவரின் அடிப்பக்கம். அங்கே நிறம் முதலில் போகும். குதிரைச் சேணத்து உறையில் உரசிய இடம் போகும். கை படாத மூலைகளில் நீலம் மிச்சமிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், அது வயதாகித் தேய்ந்தது இல்லை, யாரோ தேய்த்தது.

இதில் ஆறாவதைத்தான் நான் முதலில் வைப்பேன். மற்றதைக் கெட்டிக்காரத் தொழிலாளி மறைத்துவிடலாம். ஒரு துப்பாக்கியை நாற்பது வருடம் எந்தக் கை எங்கே பிடித்தது என்பதை யோசித்து நடிக்க ரொம்பப் பேருக்குப் பொறுமை கிடையாது.

பூர்வகுடி மக்களிடம் இருந்த ரைஃபிள்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கூடுதல். கட்டையில் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்து அலங்கரித்திருப்பார்கள். முறிந்த கழுத்துப் பகுதியில் பச்சைத் தோலை ஈரமாகச் சுற்றித் தைத்து, காயவிட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தத் தோலைக் கழற்றிப் புது மரம் போட்டால், துப்பாக்கி உறுதியாகும், அது யாருடையது என்ற செய்தி குப்பைக்குப் போகும். இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கிறது: சாதாரண ரைஃபிளில் புதிதாக ஆணியடித்துப் பல மடங்கு விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

## துருவின் வேதியியல்

சீரமைப்பில் பெரிய முரண் இதுதான்: பழைய குழல்களின் அழகான நிறமே துருவிலிருந்து வந்தது.

அந்தக் காலத்து முறையில், எண்ணெய்ப்பசை துளியும் இல்லாத எஃகின் மேல் அமிலக் கரைசல் ஒன்றைத் தடவி, ஈரக்காற்று உள்ள பெட்டியில் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் சிவப்புத் துரு மெல்லிய பூஞ்சை போலப் படியும். பிறகு அதைக் கொதிக்கும் நீரில் முக்குவார்கள். சிவப்புத் துரு அங்கே கறுப்பு ஆக்சைடாக, அதாவது காந்தக்கல்லில் இருக்கும் அதே மேக்னடைட்டாக மாறும். மேலே ஒட்டாமல் நிற்கும் கறுப்புப் பொடியை மெல்லிய கம்பித் தூரிகையால் துடைத்தால் அடியில் லேசான சாம்பல் தெரியும். மறுபடி கரைசல், மறுபடி துரு, மறுபடி கொதிநீர். இப்படி ஐந்தாறு முறை செய்தால் ஆழமான, மினுக்காத கருநீலம் வரும். சமையலில் பாகு பதம் பார்ப்பது போன்ற வேலை. அன்றைய ஈரப்பதம் கூட விளைவை மாற்றும்.

பின்னால் வந்த முறை சூடான உப்புத் தொட்டி. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்க, அதில் பாகங்களை முக்கி எடுத்தால் அரைமணி நேரத்தில் பளபளக்கும் கறுப்பு. வேகம், மலிவு. வின்செஸ்டர் 1930-களின் கடைசியில் இந்தப் பக்கம் திரும்பியது. ஆகவே 1890-களின் ரைஃபிள் ஒன்று கார் பானெட் மாதிரிக் கறுத்து மின்னினால், அது அண்மைக் காலத்தில் யாரோ தொட்டியில் போட்டதுதான்.

மூன்றாவது ஒன்று உண்டு: எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் ரிசீவரை வைத்து, செக்கச் சிவக்கச் சூடாக்கி, தண்ணீரில் கொட்டுவது. எஃகின் மேல்தோல் கரியைக் குடித்துக் கடினமாகும். கூடவே நீலம், வைக்கோல் மஞ்சள், பழுப்பு என்று எண்ணெய் மிதக்கும் தண்ணீர் மாதிரி நிறங்கள் ஓடும். 1886 மாடலுக்கு 1901 வரை இது வழக்கமான பூச்சு. வெளிச்சத்திலும் கைபட்டும் இந்த நிறங்கள் மங்கி வெறும் வெள்ளிச் சாம்பலாகிவிடும். நியூயார்க் மாநிலத்தில் டர்ன்புல் என்ற பட்டறை இந்த வேலைக்கே பேர் போனது.

1964-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆண்டு செலவைக் குறைக்க வின்செஸ்டர் தன் மாடல்களின் செய்முறையை மாற்றியது. 1894 மாடலில் சில பாகங்கள் கடைந்து செய்வதற்குப் பதில் தகட்டில் வெட்டி மடித்ததாக மாறின. ரிசீவரின் கலவையும் மாறியது. இந்த ரிசீவரை வழக்கமான தொட்டியில் போட்டால் நிறம் பிடிக்காது, அல்லது கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். 'அறுபத்துநாலுக்கு முந்தையது' என்ற சொல் விலைப்பட்டியலில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்குக் காரணம் இந்த மாற்றம்தான். பிந்தையது சுடாது என்று அர்த்தமில்லை. நன்றாகவே சுடும்.

## கை வைக்கலாமா?

இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பாதுகாத்தல் என்றால் இருப்பதை இருக்கும்படி நிறுத்துவது. பழுது பார்த்தல் என்றால் உடைந்த ஸ்பிரிங்கையோ தொலைந்த திருகையோ மாற்றுவது. பழைய பாகத்தை உறையில் போட்டு வைத்திருந்தால் நாளைக்குத் திரும்ப மாட்டலாம். சீரமைப்பு என்றால் மேற்பூச்சையும் மரத்தையும் எடுத்துப் புதிதாகக் கொடுப்பது. இது மட்டும்தான் திரும்ப முடியாத பயணம்.

எந்தத் துப்பாக்கிக்கு எது என்பதை இந்த வரிசையில் யோசிக்கலாம்.

1. அசல் பூச்சு கொஞ்சமாவது இருக்கிறதா? இருந்தால் பாதுகாத்தல் மட்டும்.

2. பூச்சு போயிருந்தாலும் சீரான பாடினா இருக்கிறதா? அப்போதும் அதேதான். கோடி அருங்காட்சியகத்துக்கு நெவாடா ரைஃபிள் இந்த வகை.

3. ஏற்கெனவே யாரோ தேய்த்து, துளை போட்டு, கட்டையை அறுத்துக் கெடுத்துவிட்டார்களா? இங்கேதான் சீரமைப்புக்கு நியாயம் இருக்கிறது. இழக்க எதுவும் மிச்சமில்லை. தொலைநோக்கி மாட்டுவதற்காக ரிசீவரில் துளை போட்ட ரைஃபிள்கள் ஏராளம். கற்றுக்கொள்ள அவைதான் நல்லவை.

4. தாத்தாவுடைய துப்பாக்கியா? அப்படியானால் சந்தை மதிப்பைப் பற்றி ஏன் கவலை? குடும்பம் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் தாத்தாவின் கை தேய்த்த இடத்தையும் சேர்த்தேதான் அழிக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

பணக் கணக்கு இன்னும் எளிது. சாதாரண 1894-ஐ முழுசாகச் சீரமைக்க ஆகும் கூலி, முடிந்த பிறகு அது விற்கும் விலையைத் தாண்டிவிடும். இதற்கு நேரெதிரான உதாரணம் வேண்டுமானால், 1886 மாடலின் முதல் எண் ரைஃபிள் 2016 ஏப்ரலில் ராக் ஐலண்ட் ஏலத்தில் 12,65,000 டாலருக்குப் போனது. அப்பாச்சி பூர்வகுடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திப் போன ஹென்றி லாட்டன் என்ற ராணுவ அதிகாரிக்குப் பரிசாகக் கொடுத்தது அது. முதல் எண், பேர்பெற்ற உரிமையாளர், நல்ல அசல் நிலை என்று மூன்றும் ஒன்று சேர்ந்த விலை.

சரி, பாதுகாத்தல் என்றால் சும்மா விடுவதா? இல்லை, அதிலும் வேலை இருக்கிறது.

முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. அறையை மட்டும் பார்த்தால் போதாது. மேகசின் குழாயில் துருப்பிடித்த ஸ்பிரிங்கோடு ஒரு தோட்டா சிக்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் கைவைக்காமல் துப்பாக்கித் தொழிலாளியிடம் கொண்டுபோக வேண்டும். பிறகு எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருகுகளில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தோற்பார்கள். வீட்டுத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும். திருகின் பிளவோ நேர்ச்சுவர் கொண்டது. அழுத்தித் திருப்பினால் திருப்புளி மேலேறி வழுக்கி, பிளவின் உதட்டைப் பிய்த்துவிடும். முனை இணையாக அரைத்த, பிளவை முழுதாக நிரப்பும் திருப்புளிதான் வேண்டும். இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் விட்டுவிடலாம். நூற்றிருபது வருடம் காத்திருந்த திருகு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.

சிவப்புத் துரு தொடர்ந்து அரிக்கும்; அதை எடுக்கத்தான் வேண்டும். பழுப்புத் தோலை விட்டுவிட வேண்டும். இதற்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் ஒரு கைவைத்தியம்: 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் காசு. அந்தக் காசில் 95 சதவீதம் செம்பு. எஃகைவிட மென்மை, ஆனால் துருத் திட்டைப் பெயர்க்கப் போதும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் துரு மேடு மட்டும் உதிரும், அடியில் இருக்கும் தோலில் கீறல் விழாது. பிறகு மிக மெல்லிய மெழுகுப்பூச்சு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரினைசன்ஸ் மெழுகை நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள்.

மரத்துக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி காட்டினால் நசுங்கிய நார் ஊறி மேலே வரும். ஆளி விதை எண்ணெய் சில துளிகள் எடுத்து உள்ளங்கையால் தேய்த்தால் போதும். முடிந்ததும் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் இருக்கும் பதனிடும் ரசாயனம் எஃகை அரிக்கும். அழகான உறையில் பத்து வருடம் தூங்கிய துப்பாக்கி உறையின் வடிவத்திலேயே துருப்பிடித்து எழும்.

## எண்ணும் ஏடும்

கோடி அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் கிடங்கு ஏடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த ரைஃபிள் எந்தத் தோட்டாவுக்கு, வட்டக் குழலா எண்கோணமா, என்றைக்குக் கிடங்குக்கு வந்தது, என்றைக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். 1894 மாடலுக்குச் சுமார் மூன்றரை லட்சமாவது எண் வரைதான் ஏடு உண்டு. அதற்குப் பிறகு வெறும் ஊகம்.

இந்தக் கடிதம் போலிகளுக்கு எமன். நல்ல துல்லியம் காட்டிய 1873 குழல்களைத் தனியே எடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து 100 டாலருக்கு விற்ற திட்டம் ஒன்றை வின்செஸ்டர் 1875-ல் அறிவித்தது. அப்படி வந்தவை 130-க்குச் சற்று மேல்தான். பொறிப்பதற்கு உளி வைத்திருக்கிற யாராலும் முடியும், ஏட்டில் எழுத முடியாது.

எண்ணுக்குச் சட்ட அர்த்தமும் இருக்கிறது. 1968-ல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-லோ அதற்கு முன்போ செய்தது 'பழம்பொருள்'. கூட்டாட்சிச் சட்டத்தில் அது துப்பாக்கி என்ற கணக்கிலேயே வராது. மாநிலச் சட்டங்கள் வேறு மாதிரி இருக்கலாம். கணக்கில் வருவது ரிசீவர் செய்த ஆண்டு. ஆண்டுவாரியாகப் புழங்கும் எண் பட்டியல்களோடு, தொழிற்சாலையின் மெருகேற்றும் அறைப் பதிவேடு பல மாடல்களில் ஒத்துப்போவதில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் 1894-க்கு எந்தப் பட்டியலை நம்புவது என்ற சண்டை அதனால்தான் ஓய்வதில்லை. 50 ஆண்டு கடந்த மற்றவைக்குச் சேகரிப்பாளர் உரிமம் உண்டு: மூன்று ஆண்டுக்கு 30 டாலர்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு வளரவில்லை என்று யாராவது வியந்தால், 1959 ஆயுதச் சட்டத்தைப் பார்த்தால் போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது.

## பெயரை வைத்து ஏமாறாதீர்கள்

இன்று கடையில் விற்கும் ஹென்றி ரைஃபிள் 1990-களில் தொடங்கிய கம்பெனி செய்வது. 1860 ஹென்றியோடு பெயர் உறவு மட்டும்தான். வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-ல் மூடப்பட்டது; இப்போது அந்தப் பெயரில் வரும் லீவர் ரைஃபிள்கள் ஜப்பானின் மிரோகு ஆலையில் செய்தவை. வேலைத்தரம் அருமை, அது வேறு விஷயம். மார்லினை 2007-ல் ரெமிங்டன் வாங்கியது, 2020-ல் ரூகர் வாங்கியது. ரெமிங்டன் காலத்தின் முதல் சில ஆண்டுச் சரக்கின் மேல் வாங்குபவர்களுக்கு மனக்கசப்பு உண்டு. அதனால்தான் குழலில் 'ஜேஎம்' என்ற பழைய முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். இத்தாலியின் உபர்ட்டி 1866, 1873 மாடல்களின் நகல்களைச் செய்கிறது. சும்மா சுட்டுப் பார்க்க ஆசைப்படுபவர் அதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

பழையதைச் சுடலாமா என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. 1873-ன் முழங்கால் இணைப்பு கரிமருந்து அழுத்தத்துக்கானது. தோட்டா உள்ளே பொருந்துகிறது என்பதற்காக இன்றைய வலுவான மருந்து நிரப்பியதைப் போட்டால் போல்ட் முகத்துக்கே வரலாம். துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் அறையையும் பூட்டையும் அளந்து சொல்லாமல் எந்தப் பழைய ரைஃபிளிலும் தோட்டா ஏற்றக் கூடாது.

## மரத்தடி ரைஃபிளுக்கு என்ன செய்தார்கள்?

கோடி நகரில் அதை முதலில் உள்ளூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தார்கள். அறையிலும் மேகசினிலும் தோட்டா இல்லை. ஆனால் கட்டையின் அடியில், துடைப்புக் கம்பி வைக்கும் பொந்துக்குள் ஏதோ தெரிந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு .44-40 தோட்டா, 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்த வகை. அப்படியானால் 1882-ல் பிறந்த ரைஃபிள் 1887 வரையாவது யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

பிறகு உதிர்ந்துகொண்டிருந்த மரத்துக்கு ஒட்டும் கரைசல் கொடுத்து நிறுத்தினார்கள். ஏட்டைப் புரட்டினார்கள், 1882-ல் அனுப்பியது என்று இருந்தது, யாருக்கு என்று இல்லை. துருவும் வெளுத்த மரமும் அப்படியே இருக்க, ரைஃபிள் நெவாடாவுக்குத் திரும்பியது.